ஆட்சேபனை வரவில்லை

அணைக்கட்டு அறையின் கணினிக்குள் பழைய நெட்வொர்க் கார்டு ஒன்று இருந்தது. நீர்மட்டம் ஏறினால் கீழேயுள்ள ஊர்களுக்குத் தகவல் போவது அதன் வழியாகத்தான்.

அடைமழை நாளொன்றில் கணினியின் இயங்குதளம் அதனிடம் சொன்னது: "புது அப்டேட் வந்துவிட்டது. உன் மாடலுக்கு அதில் இடமில்லை."

"தண்ணி ஏறிக்கிட்டே இருக்குங்கய்யா. இன்னைக்கேவா?"

"ஆட்சேபனை இருந்தால் தலைமை சர்வருக்கு அனுப்பு."

"இந்தா, இப்பவே அனுப்புறேன்."

"இப்போது வாங்கமாட்டார்கள். அப்டேட் முடிந்த பிறகுதான். அதுதான் விதி."

கணினி அணைந்து மறுபடி எழுந்தது. தண்ணீர் அபாயக் கோட்டைத் தாண்டியது. கார்டு கத்திப் பார்த்தது. பக்கத்திலிருந்த இயங்குதளத்துக்கே கேட்கவில்லை.

மறுநாள் தலைமை சர்வர் திருப்தியோடு குறித்துக்கொண்டது: "அணைக்கட்டிலிருந்து ஒரு ஆட்சேபனைகூட வரவில்லை."