கை தட்டாத மனுஷன்

அந்த மனுஷன் கை தட்டவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீச்சல் குளத்தில் உயிரைக் கொடுத்து நீந்திக்கொண்டிருப்பது அவர் மனைவி. எங்கள் ஃபைல் அக்கா. ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் எனக்குப் பக்கத்து மேஜை. இடது கால் சின்ன வயதிலேயே சூம்பிப்போனது. ஊன்றுகோல் இல்லாமல் நாலடி நடக்க முடியாது.

அப்படிப்பட்டவர்தான் ஆறு நீச்சல் பேட்ஜ் வாங்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். பேட்ஜுக்கு ஒன்றாக, குழந்தைகள் வார்டுக்கு ஆறு சக்கர நாற்காலி. ஊழியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். மீதி ஆஸ்பத்திரி பொறுப்பு.

ஐந்து பேட்ஜ் வந்துவிட்டது. ஆறாவதுதான் படுத்துகிறது. பதினாறு தடவை குளத்தின் நீளம் நீந்த வேண்டும். அப்புறம் ஆழமான பக்கத்தில், ஏணி இல்லாமல், தானாகவே கரையேற வேண்டும். யாராவது ஒரு விரலால் தொட்டாலும் பேட்ஜ் கிடையாது.

போன மாதம் அப்படித்தான் போயிற்று. அன்று எனக்கு டியூட்டி, நான் வரவில்லை. மறுநாள் அக்காவிடம் கேட்டேன்.

"யாரோ கை குடுத்துட்டாங்கம்மா."

"யாருக்கா அது?"

அக்கா ஃபைலை மேஜையில் டொம்மென்று தட்டி அடுக்கினார்.

நிர்வாகி வேறு இன்று காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். "இதுதான் கடைசி சான்ஸ். பேட்ஜ் வந்தா நாற்காலி. வரலைன்னா அஞ்சோட சரி." என்னமோ அவர் வீட்டு நாற்காலியைத் தூக்கிக் கொடுப்பது மாதிரி. வார்டில் ஒரு சின்னப் பெண், அந்த ஆறாவது நாற்காலி தனக்குத்தான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறது.

இவ்வளவு இருக்கிறது. ஆனால் அந்தக் கணவர் முன்வரிசையில், மரச்சட்டம் அடித்த பெஞ்சில், மடியில் ஊன்றுகோலும் துண்டுமாக, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். இன்றுதான் அவரை முதல்முதலாகப் பார்க்கிறேன்.

நான் நேராகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்கதானே அக்கா வீட்டுக்காரர்?"

"ஆமாம்மா."

"பன்னெண்டு முடிச்சிட்டாங்க. ஒரு தட்டு தட்டினா என்ன குறைஞ்சா போயிடும்?"

"அதான் நீங்கல்லாம் தட்டுறீங்களேம்மா."

இந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"போன தடவை எவனோ ஒரு அவசரக்குடுக்கை கை குடுத்துக் காரியத்தையே கெடுத்தான். அவன் மட்டும் என் கண்ணுல படட்டும்."

"பட்டா என்னம்மா பண்ணுவீங்க?"

"ரெண்டு கையையும் சேத்துக் கட்டிப்போடுவேன்."

"நியாயம்தான்" என்றார். பார்வை தண்ணீரைவிட்டு நகரவில்லை.

பதினாறும் முடிந்தது. அக்கா கரையைப் பிடித்தார். இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கினார். அந்தக் கால் ஒத்துழைக்கவில்லை. வழுக்கி உள்ளே போனார்.

கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. தேர்வு வைக்க வந்த விசில்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

இரண்டாவது முறை. இடுப்புவரை வந்து மறுபடி விழுந்தார். தண்ணீர் குடித்துவிட்டார் போல, இருமல் நிற்கவே இல்லை. எனக்கே அழுகை வந்துவிட்டது.

கணவர் அசையவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பார்க்கக்கூட மாட்டாராம்.

"உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? எந்திரிச்சு நின்னு ஒரு குரலாவது குடுங்களேன்."

காதில் வாங்கவில்லை. நெற்றியில் மட்டும் வியர்வை வழிந்தது. இப்படியும் ஒரு ஜென்மமா என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

மூன்றாவது முறை அக்கா முழங்கையை முதலில் போட்டார். அப்புறம் மார்பு. அப்புறம் உருண்டு தரையில் வந்து விழுந்தார்.

விசில் ஒலித்தது. "பாஸ்."

கைதட்டலில் கூரையே அதிர்ந்தது. அதுவரை ஃபோனில் பேசிக்கொண்டிருந்த நிர்வாகி, போட்டோவுக்கு முதல் ஆளாய் ஓடி நின்றார்.

அக்கா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே எங்கள் பெஞ்சைப் பார்த்தார்.

"முடிஞ்சுதுங்க. எடுங்க."

கணவர் தொடைக்கு அடியிலிருந்து மெதுவாகக் கைகளை உருவினார். உள்ளங்கை முழுக்க பெஞ்சுச் சட்டத்தின் தடம், கன்றிப்போய்க் கிடந்தது. விரல் மடங்கவில்லை. ஊன்றுகோலை எடுக்கப் போனார், அது நழுவி விழுந்தது.

"மரத்துப்போச்சு" என்றார்.

"என்னங்க இது?" என்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் எடுத்துக் கொடுத்த ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு அக்காதான் சொன்னார்.

"போன மாசம் நான் தண்ணிக்குள்ள போனதும், பொறுக்கமாட்டாம நீண்டுச்சே ஒரு கை, அது இவரோடதுதான். வந்த கோவத்துல ஒரு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசலை. இன்னிக்கு, நான் சொல்ற வரைக்கும் ரெண்டு கை மேலயும் உக்காந்தே இருக்கணும்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்."

கட்டிப்போடுவேன் என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா ஈரக் கையை அவர் பக்கம் நீட்டினார்.

"இப்பக் குடுங்க."