நுனிக்கால்

பந்து விளையாடுவது மகன், உயரம் அளப்பதோ தகப்பனை. பையன் எவ்வளவு வளர்வான் என்று கணக்குப் பார்க்க அந்த ஜெர்மன் கழகத்தின் கால்பந்துப் பயிற்சிப் பள்ளியில் அப்படித்தான் வழக்கம். போன வருடம் நன்றாக ஆடிய இருவரை, இனி வளரமாட்டார்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிருபைராசா சப்பாத்தைக் கழற்றி அளவுகோலில் முதுகை ஒட்டி நின்று, குதிகாலை மெல்ல உயர்த்தினார். அதைக் கண்ட மகன் ஆரணன் தன் விளையாட்டுப் பையைத் தள்ளி அவர் பாதங்களை மறைத்தான். அளக்க வந்த பெண் மருத்துவர் அளவுகோலின் இலக்கத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "அசையாதீர்கள், இன்னொருவரைக் கூட்டிவருகிறேன்" என்று வெளியே போனார்.

"அப்பா, கால் நடுங்குது. கீழ வையுங்கோ."

"பேசாமல் நில்லு. அவ கதவைச் சாத்தேல்லை."

அப்போதுதான் கிருபைராசா கவனித்தார். ஆரணனும் நுனிக்காலில்தான் நின்றுகொண்டிருந்தான்.