சேமியா படுக்கும் அறை

மருத்துவர் சொன்னபடி, கோகிலவாணி ஈரப் பஞ்சால் நாயின் வயிற்றோரத்தை ஒற்றி எடுத்தாள்.

முடிக்கடியில் மிளகுத்தூள் மாதிரிக் கிடந்த கறுப்புப் பொடி, பஞ்சில் பட்டதும் சிவப்பாகக் கரைந்தது.

"ரத்தமுங்க," என்றார் மருத்துவர். "தெள்ளுப்பூச்சி குடிச்சுட்டுப் போட்ட கழிவு. வெறும் மண்ணா இருந்தா இப்படிச் செவக்காது."

அவள் தலையாட்டினாள். பஞ்சைப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

நாய்க்குச் சேமியா என்று பெயர். முழங்கால் உயரம்கூட இல்லை. முடி மட்டும் தரை வரை. அவளுக்கு ஆறாம் மாதம் நடந்தபோது, பிள்ளை வரப்போகிற வீட்டில் நாய்முடி வேண்டாம் என்று அதைப் பொள்ளாச்சிக்கு, நாத்தனாரின் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

எட்டாம் மாதத்தில் பிள்ளை பிறந்தது. ஒரு நாள்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கணவன் தாமோதரன் போய் நாயைத் திரும்பக் கூட்டி வந்தான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

"சிக்கு நெறைய. குறைச்சு வெட்டிடலாமா?"

"வெட்டுங்க."

ட்ரிம்மர் ஓடியது. அவள் கால்களைப் பிடித்துக்கொண்டாள். மேஜையில் முடி குவியக் குவிய, நாய் பாதியாகியது. நடுங்கியது.

மருத்துவர் பேன்சீப்பால் ஒவ்வொரு பக்கமாக வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்கினார். பிறகு பிடரியில் முடியை விலக்கித் தோலில் மருந்தைச் சொட்டினார்.

"இங்கதான் நாக்கு எட்டாது. ரெண்டு நாளைக்குக் குளிப்பாட்டாதீங்க. மாசம் ஒருக்கா, விடாம போடோணும்."

"சரிங்க."

"ஆனா நாய் மேல இருக்கறது கொஞ்சந்தானுங்க. முட்டை, புழு எல்லாம் வீட்டுலதான் இருக்கும். இது எங்க படுக்கும்?"



"ஒரு ரூமுங்க," என்றான் அவள் பின்னால் நின்றிருந்த தாமோதரன்.

"அங்க இருக்கற துணி அத்தனையும் சுடுதண்ணியில அலசிடுங்க. மூலை முடுக்கெல்லாம் வேக்குவம் போடுங்க. கதவைச் சாத்தி வெச்சா செத்துடும்னு நெனைக்காதீங்க. கூட்டுக்குள்ள மாசக்கணக்கா சும்மா கெடக்கும். ஆள் நடமாட்டம் தெரிஞ்சா வெளிய வரும்."

அந்த அறையை அவர்கள் பூட்டவில்லை. சாத்தியிருந்தார்கள். அவ்வளவுதான்.

பொள்ளாச்சியிலிருந்து வந்த அன்றே சேமியா கதவைத் தலையால் முட்டித் திறந்து உள்ளே போனது. அலமாரியின் கீழ்த்தட்டில், துணிகளின் மேல் சுருண்டது. தினமும் அங்கேதான் தூங்கியது. இருவருக்கும் தெரியும். யாரும் போய்க் கூப்பிடவில்லை.

மருந்து போட்ட மறுநாள் காலை தாமோதரன் வெந்நீர் வைத்தான்.

அவள் அந்த அறைக்குள் போனாள்.

தொட்டிலில் இன்னும் பிளாஸ்டிக் உறை. பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, ஓரம் அடித்து அம்மா அனுப்பிய துணிகள். கயிறு வைத்த சின்னச் சட்டைகள். சிலவற்றில் கடைச்சீட்டு தொங்கியது. பிய்த்தாள். எல்லாவற்றிலும் நாய்முடி.

தாமோதரன் கட்டிலுக்கடியில் வேக்குவம் கிளீனரை ஓட்டினான். ஓட்டிய இடத்தையே மறுபடி ஓட்டினான்.

கணுக்காலில் சுருக்கென்றது.

குனிந்து பார்த்தாள். சின்னச் சின்னதாய் மூன்று தடிப்புகள். அரித்தது. சொறிந்தாள். இன்னும் அரித்தது. நகம் பதியச் சொறிந்தாள்.

உடம்பில் எதையாவது உணர்ந்து வெகு நாளாகியிருந்தது.

"ஏங்க. அதையும் குடுங்க."

அவன் கையில் ஒரு குல்லா இருந்தது. ஆரஞ்சுப்பழம் கொள்ளுமளவு.

"இதுல முடியே இல்லையே, வாணி."

"எல்லாத்தையும்னுதான சொன்னாங்க."

கொடுத்தான்.

வெந்நீரில் துணிகள் உப்பி மேலே வந்தன. அவள் கையால் அமுக்கினாள். மறுபடி மேலே வந்தன.

மொட்டைமாடியில் வெயில் ஏறியிருந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கமாக வாளியைத் தூக்கிப் போனார்கள். அவள் பிழிந்தாள். அவன் உதறிக் கொடியில் போட்டான்.

மேல்வீட்டுக்குப் போன வாரம் குடிவந்த அம்மாள், காய்ந்த துணியை எடுக்க வந்தார். கொடியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, பாப்பா பொறந்திருக்குதா! சத்தமே கேக்கலையே. பையனா, பொண்ணா?"

தாமோதரனின் கை நின்றது.

"பையனுங்க," என்றாள் வாணி.

பிறகு, "தங்கலைங்க."

அந்த அம்மாள் ஐயோ என்று சொல்லவில்லை. கிட்டே வந்து கையைப் பிடிக்கவும் இல்லை. தன் கூடையைக் கீழே வைத்தார். வாளியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து, மெதுவாகப் பிழிந்து, தோள்பட்டையை நீவிக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினார்.

இன்னொன்றை எடுத்தார்.

மூன்றாவது சட்டையை மாட்டும்போது, திரும்பாமலே கேட்டார்.

"பேரு ஏதாச்சும் வெச்சிருந்தீங்களா, கண்ணு?"

இல்லைங்க என்று சொல்ல வாணி வாயெடுத்தாள்.

"ஆதன்," என்றான் தாமோதரன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பெயரை அவள் அதுவரை கேட்டதில்லை.

அவன் கையிலிருந்த துணியை உதறினான். இனி சொட்ட அதில் தண்ணீர் இல்லை. மறுபடி உதறினான்.