லட்சத்து மூணோட வீட்டுக்கு வந்த கடைசி ஆளு

எண்ணுங்கல்லாம் குடியிருக்கிற தெருவுல லட்சத்து மூணுன்னு ஒருத்தர் இருந்தார். ஆளு பெருசு, மனசு சுண்டெலி. காரணம் இருக்கு. பக்கத்து வீட்டு லட்சத்து ரெண்டை, ரெண்டு வந்து மிச்சம் மீதி இல்லாம சரிபாதியா வகுத்துப் போட்டுட்டுப் போயிருச்சு. அன்னைலேர்ந்து கதவு தட்டுற சத்தம் கேட்டாலே இவர் தாழ்ப்பாள இன்னொருக்கா இழுத்துப் பாப்பார்.

அதே ரெண்டு இவர்கிட்டயும் வந்துச்சு. பின்னாடியே மூணு, ஏழு. எவன் கூறு போட்டாலும் ஒண்ணு மிச்சம் நின்னு பல்லக் காட்டுச்சு. அப்புறம் அஞ்சு, பதினொண்ணு, பதிமூணுன்னு வரிசை கட்டிட்டாங்க.

"வர்றவன் பூரா கத்தியோட வர்றான், சனியனுங்க"ன்னு திட்டிக்கிட்டே கெடந்தார்.

கடைசியா முன்னூத்திப் பதிமூணு வந்து, வேர்த்து விறுவிறுக்க வகுத்துப் பாத்துச்சு. ஏகப்பட்டது மிச்சம்.

"அண்ணே, பொழச்சீங்க. எனக்கு மேல எவனும் வர மாட்டான்."

"ஏன் தம்பி, பெரிய பெரிய ஆளுங்க இருக்காங்களே?"

"பெரியவன் வகுக்க வந்தா, கூடப் பெருக்கி உங்களக் கொண்டு வர ஜோடிக்கு ஒரு சின்னவன் வேணும்ணே. சின்னவனுங்க நாங்க அத்தனை பேரும் வந்து மூக்கு ஒடஞ்சு போயாச்சு. நீங்க பகா எண்ணு. கதவத் தெறந்து போட்டுத் தூங்குங்க."

தெறந்து போட்டே தூங்கினார். எந்திரிச்சார், சாப்ட்டார், வாசலப் பாத்தார். மறுபடியும் பாத்தார். ஒரு ஈ காக்கா இல்ல.

சாயங்காலம் முன்னூத்திப் பதிமூணு வீட்டு வாசல்ல போய் நின்னார்.

"தம்பி, நீ அவசரத்துல வகுத்துட்டியோன்னு ஒரு சந்தேகம். காப்பி போட்டு வச்சிருக்கேன். வந்து இன்னொருக்கா பொறுமையா வகுத்துப் பாரேன்."