காதுக்குள் ஓடும் மெஷின்

தகடு வெட்டும் பிரிவிலிருந்து அப்பாவை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி அவள் மேலாளர் முன் நின்றாள். அந்த வீட்டில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள். பேச்சில் வளைவு நெளிவு கிடையாது.

“ராத்திரி பகல்னு இல்ல சார், அப்பா காதுல மெஷின் ஓடிக்கிட்டே இருக்கு. தூங்கவே முடியல.”

“வீட்ல ஏதும்மா மெஷின்? எல்லாம் பிரமை.”

“பிரமை இல்ல. சத்தத்தை வாங்குற நரம்பெல்லாம் உங்க மெஷினால செத்துப்போச்சு. காதுலேர்ந்து ஒண்ணும் வராததால மூளை தானாவே சத்தத்தை உண்டாக்குதாம். டாக்டர் சொன்னாரு.”

“காதுல பஞ்சு வெச்சிருக்கலாமே?”

“அந்தப் பஞ்சையும் நாங்கதான் வாங்கினோம்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் அப்பா எதுவும் காதில் விழாமல், முதலாளியைப் பார்ப்பதுபோலப் பணிவாக நின்றிருந்தார். அதைப் பார்க்க இன்னும் எரிந்தது.

“சரி, எங்க ஓடுது? நானும் கேக்குறேன்” என்று மேலாளர் இளித்தபடி எழுந்து வந்து, அப்பாவின் காதோடு தன் காதை வைத்தார்.

இளிப்பு அப்படியே நின்றது. அறையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பட்டறையைப் பார்த்தார். பழுது பார்ப்பதற்காகக் காலையிலேயே எல்லா மெஷினையும் நிறுத்தியிருந்தார்கள். ஒருவன் மட்டும் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நிறுத்துடா, மெஷினை நிறுத்துடா” என்று மேலாளர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினார். துடைத்துக்கொண்டிருந்தவன் வெறுங்கைகளைத் தூக்கிக் காட்டினான்.

காது போனதிலிருந்து கத்தியே பேசும் அப்பா மகளிடம் குனிந்து, வருடக்கணக்காக அவள் கேட்டிராத மெல்லிய குரலில் கேட்டார்: “ஏம்மா இவரு இப்படிக் கத்துறாரு?”

அவள் அப்பாவை வெளியே கூட்டிவந்து, அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள்.