ஏழு வரிக்குச் சொந்தக்காரன்

"ஏழு வரியும் நான் எழுதினது. நடுவுல புள்ளி வச்சுக் கோத்துட்டு, அக்கா தன் பேரைப் போட்டுக்கிட்டாங்க!"

பக்கத்து சீட் நண்பனிடம் பொரிந்து தள்ளினான் புதியவன்.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் அலுவலகம் அது. ரத்தப் பரிசோதனை முடிவுகளை எடுப்பது, பிரிப்பது, வரிசைப்படுத்துவது, அச்சிடுவது உட்பட ஏழு வேலைகளை ஏழு நிரல் வரிகளில் எழுதியிருந்தான். நேற்று, குழுவில் மூத்தவளான அக்கா அவற்றை ஒரே வரியாகத் தொடுத்துவிட்டாள். ஒன்று முடித்துக் கொடுப்பதை அடுத்தது வாங்கிக்கொள்ளும். நடுவில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். கடைசியாக யார் கை வைத்தாரோ அவர் பெயர்தான் திரையில் வரியின் ஓரத்தில் தானாக வந்து நிற்கும்.

"இங்க எல்லாரும் அப்படித்தானே எழுதுறோம்?" என்றான் நண்பன்.

"உனக்கென்ன! வெள்ளிக்கிழமை என் வேலையை நிரந்தரம் பண்றதா வேணாமான்னு முடிவு பண்றாங்க. மேனேஜர் பேரைத்தான் பார்ப்பார்."

வயிற்றெரிச்சல் அடங்காமல் மேனேஜருக்கு மெயில் தட்டினான். 'அந்த வரியில் உள்ள ஏழு வேலையும் நான் எழுதியவை. அவர் செய்தது கோத்தது மட்டுமே. அதில் இருக்க வேண்டியது என் பெயர்.'

அனுப்பப் போன நேரம், மேனேஜரின் அறைக்கதவு படாரென்று திறந்தது.

"ஒருத்தரோட ரிசல்ட் இன்னொருத்தர் பேர்ல அச்சாகியிருக்கு! நர்ஸ் கவனிக்கலன்னா தப்பான ஊசி போட்டிருப்பாங்க. வரிசைப்படுத்துற இடத்துல பேரை மட்டும் இடம் மாத்திட்டு, ரிசல்ட்டை அப்படியே விட்டிருக்கு. யார் எழுதினது?"

அது அவனுடைய மூன்றாவது வரி.

நண்பன் அவனைப் பார்த்தான். அவன் மேஜையைப் பார்த்தான்.

அக்கா எழுந்தாள். "என் பேர்தான் இருக்கு சார்."

"பதினாறு வருஷ அனுபவம்! நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

அக்கா சாப்பாட்டு டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் வைத்தாள். அவன் மெல்ல அருகில் போனான்.

"அக்கா, அது என்னுதுன்னு உங்களுக்குத் தெரியும்ல? சொல்லியிருக்கலாமே?"

"கோக்கும்போது நான் பார்த்திருக்கணும் தம்பி. எனக்கு எங்கயாவது வேலை கிடைச்சிடும். முதல் வேலையிலயே உன்னைத் துரத்தினா, அப்புறம் யாருப்பா எடுப்பாங்க?"

அவள் படியிறங்கிப் போனாள். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

அந்த மெயில் இன்னும் திரையில் அப்படியே இருந்தது.

ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அனுப்பினான்.