வழிக் கல்

"இன்னைக்கும் வெச்சிருக்கான்!"

வில்மா பூட்ஸ் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த மூன்று கற்களும் சரிந்து, உருண்டு, புளூபெர்ரிப் புதருக்குள் விழுந்தன.

மலைப்பாதை பிரியும் இடங்களில் எல்லாம் இதே கதைதான். அவள் மத்தியானம் கலைத்துவிட்டுப் போவாள். மறுநாள் மறுபடி முளைத்திருக்கும்.

அந்த மலைக்காட்டுப் பூங்காவில் சம்பளமில்லாமல் பாதையைக் காக்கும் வேலை அவளுக்கு. ஊர்சுற்ற வருகிறவர்கள் போட்டோவுக்காகக் கல் அடுக்கினால் வில்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்லைப் பெயர்த்தால் பாசி செத்துப்போகும். அடியில் குடியிருக்கும் பூச்சி பொட்டுகள் வெயிலில் காயும். புதிதாக வருகிறவன் அதை அடையாளம் என்று நம்பி வழி தவறுவான்.

இன்று ஆளைப் பிடித்தே தீருவது என்று விடிந்ததும் கிளம்பிவிட்டாள். கூடாரத்துக்கு வெளியே பன்றிக்கறி வறுத்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தார்.

"என்ன வில்மா, கல்லு போலீஸ் இன்னைக்கு சீக்கிரமே டூட்டியா? பிடிச்சா ஜெயிலா, அபராதமா?"

"முதல்ல பிடிக்கிறேன்."

இப்போது மேலே எங்கேயோ 'டொக்' என்று சத்தம். கல்மேல் கல் வைக்கிற சத்தம்.

வில்மா மூச்சுவாங்க ஏறினாள். அடுத்த பிரிவில், பாறையருகே மண்டியிட்டிருந்தார் ஒரு பெரியவர். ஆளை அவளுக்குத் தெரியும். ஏரிக்கரைக் கூடாரத்து அர்மாண்ட்.

"மிஸ்டர் அர்மாண்ட்! உங்க வயசுக்கு இது நல்லா இருக்கா?"

பெரியவர் திடுக்கிட்டார். கையிலிருந்த கல் நழுவியது.

"மேடம், சத்தம் போடாதீங்க. லூசில் காதுல விழுந்துடப் போகுது."

"விழட்டுமே! உங்க சம்சாரமும் தெரிஞ்சுக்கட்டும். தினம் இதைக் கலைக்கிறதே எனக்குப் பொழப்பாப் போச்சு."

"நீங்கதானா அது? நான் கரடின்னு நெனச்சேன்."

"கரடி நான்தான். இதெல்லாம் எதுக்குன்னு சொல்லுங்க."

அர்மாண்ட் பாறையில் உட்கார்ந்தார். முகம் சிவந்து வியர்த்திருந்தது.

"இங்க வந்தா அவ தினம் காலையில தனியா உச்சிக்குப் போவா. கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து பழக்கம். போன கோடையில பனிமூட்டத்துல வழி தவறிட்டா. வலதுபக்கம் திரும்பி, அந்தப் பழைய கல்குவாரி விளிம்பு வரைக்கும் போயிட்டா. ஒரு வேலிகூட இல்ல அங்க. இன்னும் ரெண்டு அடி வெச்சிருந்தா..."

"மரத்துல மஞ்சப் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கோமே?"

"அது தெரியணும்னா கண்ணாடி போடணும். கண்ணாடி போட்டா வயசாயிடுச்சுன்னு ஆயிடுமே அவளுக்கு!"

"கூடவே போக வேண்டியதுதானே?"

"போய்ப் பாருங்க! 'நான் என்ன நாய்க்குட்டியா, கயிறு கட்டிக் கூட்டிட்டு வர்றீங்களா'ன்னு மலையே அதிர்ற மாதிரி கத்துவா. அதான் அவ எழுந்திருக்கிறதுக்கு முன்னால, கழிவறைக்குப் போற மாதிரி நழுவி வந்து, போக வேண்டிய பக்கம் கல்லு வெச்சுட்டு, குறுக்கால இறங்கிடுவேன். அவளுக்குத் தெரியாது. யாரோ வெச்ச அடையாளம்னு நெனச்சு அதைப் பார்த்து நடக்கிறா."

அவர் கையிலிருந்து நழுவிய கல்லை வில்மா குனிந்து எடுத்தாள்.

"பாவம்னு பார்க்காதீங்க மேடம். நீங்க எவ்வளவு கலைச்சாலும் வைப்பேன். அது மட்டும் நிச்சயம்."

"அவங்க வழி தவறினது எந்தப் பிரிவுல?" வில்மாவின் குரல் மாறியிருந்தது.

"கீழே, முதல் பிரிவுல."

"அதை இப்பத்தான் கலைச்சுட்டு வர்றேன்."

அர்மாண்ட் எழப் பார்த்தார். கால் ஒத்துழைக்கவில்லை.

"அவ கிளம்பியிருப்பாளே!"

"நீங்க இங்கேயே இருங்க. நான் போறேன்."

வில்மா வந்த வழியே ஓடினாள். வேர் தடுக்கியது. கையை ஊன்றி எழுந்து மறுபடி ஓடினாள்.

முதல் பிரிவில் யாரும் இல்லை. புதருக்குள் கையை விட்டுத் துழாவினாள். இரண்டு கல் கிடைத்தது. மூன்றாவதைக் காணோம். கலைக்க ஓர் உதை போதுமாக இருந்தது. அடுக்கத்தான் முடியவில்லை. வைத்த கல் வைத்த இடத்தில் நிற்கவில்லை.

"என்ன வில்மா, காலங்காத்தால எதைத் தொலைச்சீங்க?"

லூசில்! கையில் கோலோடு, விசிலடித்தபடி வந்தவள், வில்மா பதில் சொல்லும் முன்பே, எங்கேயும் பார்க்காமல், சரியாக இடதுபக்கப் பாதையில் திரும்பினாள்.

"லூசில், நில்லுங்க. உங்களுக்கு... வழி தெரியுமா?"

லூசில் திரும்பி, மண்டியிட்டிருந்தவளையும் அவள் கையிலிருந்த கல்லையும் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"மனுஷன் சொல்லிட்டாரா?"

"உங்களுக்கு எல்லாம் தெரியுமா?"

"ஒரே ஒரு தடவை தவறினேன், நிஜம்தான். அதுக்கப்புறம் கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன்."

"அப்புறம் எதுக்கு இந்த நாடகம்?"

லூசில் மேலே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"வசந்த காலத்துல அவருக்கு இதயத்துல ஆபரேஷன் ஆச்சு. தினம் கொஞ்சம் மேடு ஏறி இறங்குங்க, இல்லேன்னா தாங்காதுன்னார் டாக்டர். கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். தனக்காகன்னா அந்த மனுஷன் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார், வில்மா."

வில்மா கல்லைக் கீழே வைத்தாள்.

"மன்னிச்சுக்குங்க லூசில். இனிமே இதை நான் தொடவே மாட்டேன்."

"ஐயையோ, அப்படிப் பண்ணிடாதீங்க!" லூசில் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தினமும் தவறாம கலைச்சுடுங்க. வெச்ச கல்லு அப்படியே நின்னுதுன்னு வைங்க, மறுநாள் அவர் மலை ஏற மாட்டார்."